ஒரே நல்ல நேரத்தில் இரண்டு சூட்கேஸ்

நேற்று நான் இந்தக் குசினி மூலையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தபோது, உங்களில் புதிதாக வந்த பிள்ளை ஒரு கஸ்டமரிடம் ஃபோனில் எத்தனை மணித்தியாலப் பயணம் என்று கேட்டது காதில் விழுந்தது. அவர் சென்னைதானே, ஒன்றேகால் மணித்தியாலம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் பிள்ளை உடனே, அப்படியென்றால் பால் அப்பம் தரலாம் என்று ஓடரை எடுத்துக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்து தேத்தண்ணி புரையேறிவிட்டது.

பிளேன் வானத்தில் இருப்பது ஒன்றேகால் மணித்தியாலம்தான். அதில் பொய்யில்லை. என் பேரன் ஃபோனைத் தட்டிப் பார்த்து, எழுநூறு கிலோமீட்டர்கூட வராது பாட்டி என்றான். ஆனால் அந்த ஐயா பிளேனுக்குள்ளேயே குடியிருக்கிறவரா? வெள்ளவத்தையில் வேன் ஏறி, காலி வீதியில் ஒவ்வொரு சிவப்பு லைட்டுக்கும் நின்று, கட்டுநாயக்கவுக்கு நேரத்தோடு போய், சப்பாத்தைக் கழற்றி, இடுப்புப் பட்டியைக் கழற்றி, திரும்ப மாட்டி, காத்திருந்து, பறந்து, அங்கே வரிசையில் நின்று, பெட்டி சுற்றி வரும்வரை பார்த்து, டாக்சி பிடித்து, மகன் வீட்டுக்குப் போனால் அங்கே லிப்ட் வேலை செய்யாது. அந்தப் பால் அப்பம் போய்ச் சேரும்போது மூக்குத் துடைத்து நனைந்த லேஞ்சி மாதிரி இருக்கும். அவர் நம்மைத்தான் திட்டுவார். பிளேனைத் திட்ட மாட்டார்.

நான் ஜிந்துப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவள். தேங்காய் துருவத்தான் இந்த இடத்துக்கு வந்தேன். பஸ்ஸில் வருவேன், பஸ்ஸில் போவேன், முழங்கால் போதும் என்று சொல்லும்வரை வந்துகொண்டே இருந்தேன். வெளிநாடு போகிறவர்களுக்குச் சாப்பாடு சமைத்துக் கட்டிக் கொடுப்பது நம் தொழில். எத்தனையோ ஊருக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். நான் மட்டும் ஒரு பிளேனிலும் ஏறியதில்லை. எழுத்து வாசிக்கவும் தெரியாது. கனடாப் பார்சலுக்குச் சிவப்புக் கயிறு, லண்டனுக்கு நீலம், அவுஸ்திரேலியாவுக்கு ஒன்றுமே கட்ட வேண்டாம், அங்கே எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பார்கள் என்று நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். சுவிசுக்கு எந்த நிறம் என்பதில் எனக்கும் முதலாளி அம்மாவுக்கும் ஒரு முறை சண்டைகூட வந்தது. அது வேறு கதை.

முதலாளி அம்மா யாழ்ப்பாணத்துக்காரி. அதிகம் பேச மாட்டா. நான் சேர்ந்த முதல் கிழமையே ஒன்று சொன்னா. பிளேன் எத்தனை மணிக்கு ஏறுது, எத்தனை மணிக்கு இறங்குது என்று ஒருநாளும் கேட்காதே. கட்டின கயிற்றை ஆர் அவிழ்ப்பினம், எங்கே வைத்து அவிழ்ப்பினம், அதைக் கேள் என்றா. எனக்கு அப்போது அது சும்மா ஒரு பேச்சாகத்தான் பட்டது. அது எவ்வளவு பெரிய கேள்வி என்று இரண்டு சம்பந்திகள்தான் எனக்குக் காட்டித் தந்தார்கள்.

முதலாளி அம்மா நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்த சமயம். குசினிப் பொறுப்பு என் தலையில். பாமன்கடையில் இருந்து புவனேஸ் அக்கா வந்தா. அவவின் மகள் நிரோவை லண்டனில் கட்டிக் கொடுத்திருந்தது. நிரோவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. முதல் குழந்தை பிறந்தபோது புவனேஸ் அக்காவுக்கு விசா கிடைக்கவில்லை. மருமகனின் தாய்தான் போய் நின்று, குழந்தையைக் குளிப்பாட்டி, பத்தியம் சமைத்துக் கொடுத்து, படங்களை எல்லாருக்கும் அனுப்பினா. பெற்ற தாய் அந்தப் படங்களை வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரிக்குக் காட்டிக்கொண்டிருந்தா. இந்த முறை விசா வந்துவிட்டது.

எனக்குச் சரக்கு உருண்டை வேணும், லெச்சுமி என்றா. பிள்ளை பெற்றவளுக்கு யாழ்ப்பாணத்தார் வைக்கிற பத்தியக் கறிக்கு அது. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்கிற சுக்கு, உள்ளி எல்லாம் அம்மியில் பட்டுப்போல அரைத்து உருட்டிக் காய வைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் உலகத்தை இரண்டு தரம் சுற்றினாலும் கெடாது. பிறகு குரலைத் தாழ்த்தி, நான் போறது என்ர சம்பந்திக்குத் தெரியாது, தெரிஞ்சா தானும் வெளிக்கிட்டிடுவா, நீ வாய் திறக்கக் கூடாது என்றா.

நான் ஏன் திறக்கப்போகிறேன்?

அடுத்த நாள் சம்பந்தியே வந்தா. சறோஜா டீச்சர். ஓய்வு பெற்ற ஸ்கூல் டீச்சர், இந்த ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் தொடர்மாடியில் இருப்பவ. புருஷன் போன வருஷம் காலமாகிவிட்டார். அவவுக்குச் சுறா வறை வேண்டும். சுறாவை அவித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூப் போட்டு வறுப்பது. தாய்க்குப் பால் சுரக்கும் என்று கொடுப்பார்கள். தேங்காய்ப்பூ சேர்ந்த சாமான் என்றால் அதற்கு ஆயுசு குறைவு. நாம் அதைக் கல்லு மாதிரி உறைய வைத்து, பேப்பரில் சுற்றி, துவாயில் சுற்றிக் கொடுப்போம். டீச்சரும் போகும்போது, புவனேசுக்கு மூச்சு விட்டுவிடாதே, அவ தானும் வாறன் எண்டு நிப்பா என்று சொல்லிவிட்டுப் போனா.

இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். இரண்டு பேரும் ஒரே நாள் பயணம். அதுவரைக்கும் எனக்கு ஒரு கவலையும் இல்லை. ஒருவர் காலையில் வந்து எடுப்பார், மற்றவர் மத்தியானம் வந்து எடுப்பார். ஒரு பார்சல் கடல் பக்கம் போகும், மற்றது ரோட்டுப் பக்கம் போகும் என்று நானும் சந்தோஷமாகச் சரக்கு அரைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கேதான் ஒரு விஷயம். பயண நாள் கரிநாள். கரிநாளில் வெளிக்கிடக் கூடாது. டிக்கெட்டையும் மாற்ற முடியாது. அதற்கு நம் ஆட்களிடம் ஒரு வழி இருக்கிறதே, முதல் நாளே நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வேறொரு இடத்தில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கினது மாதிரி. பெட்டி வெளிக்கிட்டால் ஆள் வெளிக்கிட்ட கணக்கு. புவனேஸ் அக்கா கேட்டா, லெச்சுமி, சாப்பாடும் வைக்கத்தானே வேணும், பெட்டியை முதல் நாள் உன்ர குசினியிலயே கொண்டுவந்து வைக்கட்டோ என்று. வைங்க அக்கா என்றேன். டீச்சரும் அதையே கேட்டா. பக்கத்து வீட்டில் வைத்தால் ஆயிரம் கேள்வி கேட்பார்களாம். வைங்க டீச்சர் என்றேன்.

நல்ல நேரம் ஆளுக்கு ஒன்று கிடையாது, ஊருக்கே ஒன்றுதான் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. புவனேஸ் அக்கா கொட்டாஞ்சேனைக் கோயில் ஐயரிடம் கேட்டா. டீச்சர் சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்தா. ஐயரும் வீட்டில் அதே கலண்டரைத்தான் வைத்திருப்பார் போல. இரண்டு பேருக்கும் காலை ஏழரையில் இருந்து எட்டரை.

அன்று காலை மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தோம். ஏழரை தாண்டியதும் புவனேஸ் அக்கா ஓட்டோவில் வந்து இறங்கினா. பெட்டியை நானும் ஓட்டோக்காரத் தம்பியும் சேர்த்துத் தூக்கி உள்ளே வைத்தோம். அவ ஒரு பெருமூச்சு விட்டு, இனி நான் லண்டனுக்குப் பாதித் தூரம் போயிட்டன் என்றா. அப்போது ஒழுங்கையில் கடகடவென்று ஒரு சத்தம். சூட்கேஸ் சில்லு உருளுகிற சத்தம். நான் எட்டிப் பார்த்தேன். டீச்சர், வெள்ளைக் குடை ஒரு கையில், பெட்டி ஒரு கையில்.

பிள்ளைகளே, அந்த நிமிஷத்தில் நான் யோசித்து ஒன்றும் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. புவனேஸ் அக்காவைத் தோளில் பிடித்துத் தேங்காய் அடுக்கியிருந்த ஸ்டோர் அறைக்குள் தள்ளினேன். பெட்டியின் மேல் அரிசிச் சாக்கை இழுத்துப் போட்டேன். எதற்கு என்று அவ கேட்டா. டீச்சர் வர்றாங்க என்றேன். அதற்குப் பிறகு கதவை அவவே உள்ளே இருந்து சாத்திக்கொண்டா.

டீச்சர் வந்தா. பெட்டியை வைத்தா. வைத்துவிட்டுப் போயிருந்தால் என்ன? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டா. தேத்தண்ணி கேட்டா. பிறகு சந்தோஷமாகக் கதைக்கத் தொடங்கினா. புவனேசுக்கு ஒண்டும் தெரியாது, அவ எப்படியும் பிறகு ஒருநாள் வருவா, வரட்டும், அதுக்குள்ளை நான் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பத்தியமும் குடுத்திடுவன், அவவுக்குப் பாவம் பத்தியம் பிடிபடாது, உப்புக் கணக்கும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே போனா. நான் சட்டியைத் தட்டினேன். கரண்டியைக் கீழே போட்டேன். இருமினேன். ஒன்றும் உதவவில்லை. உப்புக் கணக்கு என்ற இடத்தில் ஸ்டோருக்குள்ளே இருந்து ஒரு தும்மல் வந்தது. மிளகாய்ப் புகை கதவுக்குக் கீழால் போயிருக்கிறது.

"ஆர் உள்ளுக்கை?"

"பூனைங்க டீச்சர்."

இன்னும் இரண்டு தும்மல் வந்தது. மூன்றாவது தும்மலோடு "முருகா" என்றும் கேட்டது.

"சைவப் பூனை போல" என்றா டீச்சர்.

கதவைத் திறந்துகொண்டு புவனேஸ் அக்கா வெளியே வந்தா. தலையெல்லாம் தும்பு, கண்ணெல்லாம் தண்ணீர். ஆனால் நிமிர்ந்து நின்றா. அவர்கள் சம்பந்திகள் என்றாலும் முகத்துக்கு நேரே மச்சாள் என்றுதான் அழைப்பார்கள்.

"உப்பைப் பற்றிச் சொல்லுங்கோ மச்சாள். பாதியில விட்டிட்டியள்."

டீச்சர் கிளாசைக் கீழே வைத்தா. அரிசிச் சாக்குக்குக் கீழே சில்லு தெரிவதைப் பார்த்தா. என்னையும் ஒரு பார்வை பார்த்தா. அந்தப் பார்வையை நான் பள்ளிக்கூடம் போயிருந்தால் முன்பே பழகியிருப்பேன்.

பிறகு இருவரும் மரியாதையாகச் சண்டை பிடித்தார்கள். சத்தமே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேர் கோயில் வாசலில் சுகம் விசாரிப்பது போல இருக்கும். எப்ப பிளேன் என்று டீச்சர் கேட்டா. நாளைக்குப் பத்து மணிக்கு என்றா புவனேஸ் அக்கா. எனக்கு ஒரு மணிக்கு என்றா டீச்சர். புவனேஸ் அக்காவின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்று மணித்தியாலம் முந்தி ஏறுகிறா அல்லவா.

"நான் நேர போறனான்" என்றா டீச்சர். "பத்தரை மணித்தியாலம். அங்கத்தை நேரம் பின்னேரம் ஏழு மணிக்கு இறங்கிடும். நீங்கள்?"

புவனேஸ் அக்காவின் டிக்கெட் அரபு நாட்டில் இறங்கி மாறுகிற டிக்கெட். விலை குறைவு என்று அவவின் மகன் போட்டுக் கொடுத்தது. பத்து மணிக்கு ஏறி பத்தரைக்கு இறங்கலாம் என்று அவன் சொல்லியிருக்கிறான். அது இரவு பத்தரை என்று அவவுக்கும் தெரியும். ஆனால் இன்னொருவர் பின்னால் ஏறி முன்னால் இறங்குவார் என்று அவ நினைக்கவேயில்லை. விரலை மடக்கிப் பார்த்தா. பிறகு மடக்கிய விரலை அப்படியே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினா.

"அப்ப ரெண்டாவது பிள்ளைக்கும் நான் விருந்தாளிதானே, லெச்சுமி?"

அதுவரை எனக்கு உள்ளூரச் சிரிப்பாகத்தான் இருந்தது. அதைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. டீச்சரைப் பார்த்தேன். வென்றவர் முகமாக இல்லை. ஆனாலும் விட்டுக் கொடுக்கிற முகமாகவும் இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் நீங்கள் செய்யக்கூடாத வேலை, நடுவர் வேலை. யார் பக்கம் நியாயம் என்று சொன்னால் ஒரு கஸ்டமர் போய்விடுவார். இரண்டு பக்கமும் நியாயம் என்று சொன்னால் இரண்டு பேரும் போய்விடுவார்கள். என் கையில் இருந்தது ஒரே ஒரு வேலை, சாப்பாடு கட்டுகிற வேலை. அதைப் பிடித்துக்கொண்டேன். முதலாளி அம்மா சொல்லித் தந்த கேள்வியைக் கேட்டேன்.

"டீச்சர், சுறா வறையில தேங்காய்ப்பூ இருக்கு. அங்க யாரு அவிழ்த்து பிரிட்ஜில வைப்பாங்க? எத்தன மணிக்கு?"

ஏழுக்கு இறங்கினால் எட்டரை, ஒன்பதுக்கு வீட்டில் நிற்பேன் என்றா. யாரு கூட்டிட்டுப் போறது என்றேன். மகன் கபிலன்தான் என்றா. அவரு வர்றேன்னு சொன்னாரா என்றேன்.

"தாய் வந்து இறங்கினா பிள்ளை வராதே? இதையும் கேக்க வேணுமோ?"

"தாய்க்கு வருவாருங்க. சுறாவுக்கு நான் கேக்கணும்."

டீச்சர் கோபத்தோடு ஃபோனை எடுத்தா. வீடியோவில் அழைத்தா. இங்கே எட்டு மணி என்றால் அங்கே இன்னும் விடியவில்லை. ஆனால் பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் யார் தூங்குகிறார்கள்? உடனே எடுத்தான். பெனியனோடு, தோளில் குழந்தை, கண் இரண்டும் மிளகாய்ப் பழம். அம்மாவைப் பார்த்து என்னம்மா என்றான். அப்போது புவனேஸ் அக்காவும் பேரப்பிள்ளையைப் பார்க்கும் ஆசையில் தலையை நீட்டிவிட்டா. ஒரே கண்ணாடியில் தாயும் மாமியும். அந்தப் பையன் ஃபோனைத் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, திரும்பத் தள்ளிப் பிடித்தான்.

"ரெண்டு பேரும் ஒரே இடத்திலயோ நிக்கிறியள்?"

"ஓம். உனக்குத் தெரியுமோ ரெண்டு பேரும் ஒரே நாள் வாறம் எண்டு?"

தெரியும் என்றான். எப்படிச் சொல்வது என்று ஒரு கிழமையாக யோசித்துக்கொண்டிருந்தானாம். பிறகு, மனுஷன் நித்திரை இல்லாமல் இருந்தால் பயமும் போய்விடும்போல, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். எயார்போட்டுக்குப் போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம். நிரோவுக்குத் தையல் போட்டிருக்கிறது, எழும்ப முடியாது. மூத்தவளையும் பச்சைக் குழந்தையையும் அவளிடம் விட்டுவிட்டு அவன் ஒரே நாளில் இரண்டு தரம் போய் வர முடியாது.

"நான் ஒருக்காத்தான் வருவன். மாமி பத்தரைக்கு இறங்கின பிறகு ரெண்டு பேரையும் ஒண்டா ஏத்துவன். அம்மா, நீங்கள் வெளியில வந்து, அங்க போட்டிருக்கிற கதிரையில இருங்கோ. ஒருத்தரோடயும் போயிடாதேங்கோ."

"மூண்டரை மணித்தியாலம் நான் தனியவோ?"

குழந்தை அழத் தொடங்கியது. பிறகு எடுக்கிறேன் என்று அவன் வைத்துவிட்டான். கொழும்பில் இருந்து லண்டனுக்கு எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்று சொல்கிறார்கள். அந்த எட்டாயிரத்தையும் பிளேன் நேரே பறந்து கடந்துவிடும். கடைசி அறுபது, எழுபது கிலோமீட்டரை ஒரு காரும் நித்திரை இல்லாத ஒரு தகப்பனும்தான் கடக்க வேண்டும். நீங்கள் பார்சல் கட்டும்போது நினைக்க வேண்டியது அந்தக் கடைசித் துண்டைத்தான்.

புவனேஸ் அக்கா சிரிக்கவில்லை, அதற்காக நான் அவவைக் கும்பிடுவேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்க குளிராம் மச்சாள், ஒரு சால்வையைக் கையில வச்சிருங்கோ என்று மட்டும் சொன்னா. அதில் அன்பு எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை. டீச்சருக்கும் முடியவில்லை என்றே நினைக்கிறேன்.

அப்போது பக்கத்துக் கடை முஸ்லிம் நானா, பெட்டி நிறுக்கிற தராசைக் கொண்டுவந்தார். இரண்டு பெட்டியையும் தூக்கிப் பார்த்தார், ஒட்டியிருந்த ஒரே விலாசத்தை வாசித்தார், இரண்டு பேருக்கும் மிளகாய்த்தூள் விற்றதும் அவர்தான். நடந்தது அவருக்குத் தெரியாது.

"ரெண்டு பேரும் ஒரே ஊட்டுக்கா போற? அப்ப என்னத்துக்கு ரெண்டு பேரும் ஒரே மொளகாத்தூளக் கட்டி ஈக்கிற?"

அது உண்மை. இரண்டு பெட்டியிலும் மிளகாய்த்தூள் இருந்தது. எள்ளுருண்டையும் இருந்தது. இருவரும் எதிரெதிரே பெட்டியைத் திறந்து வைத்து, பேசாமல், ஒன்றாக இருந்ததையெல்லாம் எடுத்து வெளியே வைத்தார்கள்.

சுறா வறைக்கு வருவோம். வீடு போய்ச் சேர அங்கே நள்ளிரவு தாண்டிவிடும். தேங்காய்ப்பூ அவ்வளவு நேரம் தாங்காது. அதை அனுப்ப மாட்டேன் என்று டீச்சரிடம் சொன்னேன். வேறு சுறா வாங்கி, தேங்காய்ப்பூ இல்லாமல், உப்பும் மஞ்சளும் போட்டு ஈரம் போக வறுத்துத் தருகிறேன், தேங்காயை அங்கே போட்டுக்கொள்ளலாம் என்றேன். அவ சரி என்று தலையாட்டினா, அவ்வளவுதான். உறைய வைத்திருந்த வறையை அன்று மத்தியானம் நாங்கள் எல்லாரும் சோற்றோடு சாப்பிட்டோம். அதைப்போல ஒரு சுறா வறையை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. ஒருவருடைய தோல்வி அவ்வளவு ருசியாக இருக்கக் கூடாது.

மறுநாள் விடியவே புவனேஸ் அக்கா வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டா. என்னைக் கட்டிப் பிடித்தா. இன்னும் அவவுக்குப் பயம் போகவில்லை. ஒரே காரில் போனாலும் வாசலில் ஆர் முன்னுக்கு இறங்குறது என்று ஒன்று இருக்கே, அவ எப்பவும் முன் சீற்றில்தான் இருப்பா என்று சொல்லிக்கொண்டே வேனில் ஏறினா.

டீச்சர் ஒன்பது மணிபோல வந்தா. வறுத்த சுறாவைப் பெட்டியில் வைத்து நீலக் கயிறு கட்டினேன். போகாமல் நின்றா.

"லெச்சுமி, போன முறை இவரும் என்னோட வந்தவர். இங்கிலிஷ் கதைக்கிறதெல்லாம் அவர்தான்."

லண்டன் கதிரை எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கட்டுநாயக்கக் கதிரையில்கூட நான் உட்கார்ந்ததில்லை. நீங்க வகுப்புல நாற்பது பேரை அடக்கினவங்க டீச்சர், ஒரு கதிரை என்ன செய்யும் என்றேன். அவ சிரித்தா. பிறகு ஒரு இடியப்பப் பார்சல் கட்டித் தரச் சொன்னா. கையில் கொண்டுபோக. சம்பல் இறுக்கமாக இருக்க வேண்டும், சொதி வேண்டாம். நான் ஒரு ஆளுக்கு எடுத்து வைத்தேன்.

"ரெண்டு பேருக்கு வை. அவ பிளேன் சாப்பாடு தொட மாட்டா. பத்தரைக்கு இறங்கேக்கை பசியோட வருவா."

வைத்தேன். இதை ஒருத்தருக்கும் சொல்லாதே என்றா. அந்தக் கிழமையில் என் வாயில் பூட்டிய மூன்றாவது பூட்டு அது.

நடந்த மிச்சத்தை எனக்கு நிரோதான் ஃபோனில் சொன்னா. புவனேஸ் அக்கா பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது, டீச்சர் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மடியில் பார்சலோடு நிமிர்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாவாம். அவவைத் தட்டி எழுப்பி, இரண்டு பேரும் அந்தக் கதிரையிலேயே இடியப்பம் சாப்பிட்டிருக்கிறார்கள். கபிலன் கார் நிறுத்திய இடத்தில் காசு ஏறுது, கெதியா வாங்கோ என்று கெஞ்ச, சாப்பாட்டு நேரத்தில் அவசரப்படுத்தக் கூடாது என்று தாயும் மாமியும் முதல்முறையாக ஒரே வாயால் அவனை ஏசினார்களாம்.

வீட்டுக்குப் போகும்போது எல்லாரும் தூக்கம். சத்தம் போடாமல் இருவரும் உள்ளே போய் ஹோலில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுதது. இரண்டு பேரும் எழும்பினார்கள். டீச்சர் எழும்பினபடியே நின்றுவிட்டு, கால் விறைச்சுப் போச்சு, நீங்கள் போங்கோ மச்சாள் என்று சொல்லித் திரும்ப உட்கார்ந்துவிட்டாவாம். புவனேஸ் அக்கா அறைக்குள் போய்க் குழந்தையைத் தூக்கினா. அம்மா என்று நிரோ கூப்பிட்டதும், பிறகு யார் அழுதது குழந்தையா மற்றவர்களா என்று தெரியவில்லையாம்.

சில மாதம் கழித்து டீச்சர் திரும்பி வந்து இந்தக் குசினிக்கு வந்தபோது நான் கேட்டேன், கால் உண்மையிலேயே விறைத்ததா என்று.

"மூண்டரை மணித்தியாலம் இருந்து பார். ஆருக்கும் விறைக்கும்."

புவனேஸ் அக்கா வந்தபோது அவவிடமும் கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அவ வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னா:

"நான் பிள்ளையோட அறைக்குள்ளை இருக்க, அந்த விறைச்ச கால் எழும்பிக் குசினிக்குப் போட்டுது. விடியிறதுக்கு முதல் என்ர பெட்டியைத் திறந்து, என்ர சரக்கு உருண்டையைக் கரைச்சு, தன்ர சுறாவைப் போட்டுப் பத்தியக் கறி வச்சு முடிச்சிட்டா. உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு. எண்டாலும் நிரோ சட்டியை வழிச்செல்லோ சாப்பிட்டவள்."